தம்பியின் நேர்த்தி, என் கால்

ஜனவரி 5, திங்கள்
காலை முழுக்க மழை. ஓர்ஸ் ஹில் கந்தோரில் லீவுக் கடிதம் கொடுத்தாயிற்று. பன்னிரண்டு நாள். மதுரைக்குப் பிளேன், பிறகு காரைக்குடிப் பக்கமிருந்து பழனி. ஆறு நாள் நடை. தைப்பூசத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.
“என்ன நேர்த்திக்கடன்?” என்று கந்தோர்ப் பெரியவர் கேட்டார். எனக்கில்லை, தம்பிக்கு என்றேன். சிரித்தார். சிரிக்கட்டும்.

தம்பி ரவி கனடாவுக்குப் போன வருசம் அம்மா வைத்த நேர்த்தி. பிள்ளை பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தால் பழனிக்கு நடந்து வருவான். சேர்ந்தான். முப்பது வருசமாய் நடக்கவில்லை. அம்மாவும் போய்விட்டாள். இப்போது அவன் மகளுக்குக் கலியாணம் பொருந்தவில்லை, அங்கே சாதகம் பார்க்கிற ஒரு சாத்திரி நேர்த்தி கிடப்பில் கிடக்குது என்றானாம். “எனக்கு லீவு எடுக்க ஏலாது அக்கா. ஒரே ரத்தம்தானே, நீங்கள் நடந்தாப் போதுமாம்.” என் முழங்காலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஜனவரி 8, வியாழன்
வெயில். கனடாப் பார்சல். நடைக்கென்றே செய்த சப்பாத்து, நல்ல விலை இருக்கும். பத்தாம் நம்பர். என் கால் ஐந்து. தன் காலுக்கு அளவு பார்த்து வாங்கியிருக்கிறான் போல. வெறுங்காலோடுதான் நடப்போம் என்பதும் தெரியாது. அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டேன்.

பின்னேரம் வெறுங்காலோடு லிங்கநகரிலிருந்து துறைமுக வீதி வரை நடந்து பழகினேன். ஒரு ஆட்டோக்காரர் நிறுத்தினார். “அன்ரி, செருப்பு அறுந்திட்டுதோ? ஏறுங்கோ.” விளக்கம் சொல்லி வாய் வலி. பஸ் நிலையத்தில் திரிகிற மான்கள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. வலது குதிக்காலில் கொப்புளம்.

ஜனவரி 11, ஞாயிறு
வாங்க: பச்சைச் சேலை 2, தோள் பை, நோவெண்ணெய், பிளாஸ்டர், கல்லுப்பு. பாஸ்போட் போட்டோக் கொப்பி.

சேலை, கிண்ணியா நானாவின் புடவைக்கடையில். எதற்கென்று கேட்டார், சொன்னேன். துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: “எங்கட உம்மா மௌத்தான பிறகு அவக்காக நானும் ஹஜ் செய்தனான், தங்கச்சி. ஆனா எடுத்த எடுப்பில மற்றாளுக்குச் செய்ய ஏலாது. முதல்ல என்ட கடமையை நான் முடிக்கோணும். அதுக்குப் பிறகுதான் உம்மாக்கு.”
“எங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை, நானா.”
“அப்ப உங்களுக்கு ஆர் நடக்கிற?”
மிச்சக் காசை எடுக்க மறந்து பாதி வழி வந்துவிட்டேன்.

ஜனவரி 13, செவ்வாய்
மழை. ரவியின் மெசேஜ்: “மாலை போடேக்க என்ட பேர், மகம் நட்சத்திரம், வடிவாச் சொல்லுங்கோ.”
அம்மாவின் பெட்டியைக் கிளறினேன். அவன் சாதகம் மஞ்சள் துணியில் சுற்றி, பூச்சி அரிக்காமல், பத்திரமாய். என்னுடையது இல்லை. இடம்பெயர்ந்து ஓடியபோது தொலைந்தது என்பாள். ஒரே ஓட்டம்தான், ஒரே பெட்டிதான். அவனுடையதை மட்டும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறாள். ஐம்பத்திமூன்று வயதில் இதற்கு அழுதேன். வெட்கம்.

ஜனவரி 16, வெள்ளி
நேற்றைய பொங்கல் பானை இன்னும் கழுவவில்லை. காலையில் கோயில், மாலை போட.
“ஆர்ட பேருக்கு?” ஐயர் கேட்டார். ரவியின் பேர் நாக்கு நுனி வரை வந்தது.
“கமலாதேவி.”
“நட்சத்திரம்?”
“தெரியாது, ஐயா.”
“பாதகமில்லை. சுவாமியின்ட நட்சத்திரத்தைச் சொல்லுறன்.” சொன்னார். மாலை கழுத்தில் விழுந்தது. என் பேரைக் கோயிலில் ஒருவர் உரக்கச் சொல்லி எத்தனை வருசம்.

வீட்டுக்கு வந்து கால் கழுவ முதலே போன்.
“என்ட பேரைச் சொன்னனீங்களோ அக்கா?”
“இல்லை. என்ட பேரைச் சொன்னனான். இந்த நடை எனக்கு.”
“அப்ப என்ட நேர்த்தி?”
“அந்தச் சப்பாத்து உனக்கு அளவாத்தான் இருக்கும். திருப்பி அனுப்பிறன்.”