மதியமே பள்ளி விடும் என்பதைத் தமிழில் சொல்லக் கோரி

அனுப்புநர்
வே. கற்பகம்,
ஏலத்தோட்டத் தொழிலாளி,
கீழ் லயம், வண்டன்மேடு,
இடுக்கி மாவட்டம்.

பெறுநர்
கல்வித்துறை அலுவலர் அவர்கள்,
இடுக்கி மாவட்டம்.

பொருள்: பள்ளி நேரம், பரீட்சை, விடுமுறை பற்றிய அறிவிப்புகளைத் தமிழிலும் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: பள்ளி அலுவலகத்தில் நான் வாய்மொழியாகக் கேட்டது. எண் எதுவும் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் இங்குள்ள தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கும் வேலை செய்கிறேன். என் கணவர் வேல்முருகன் அதே தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பவர். எங்கள் ஒரே மகள் இந்து, இப்பகுதிப் பள்ளி ஒன்றின் தமிழ்ப் பிரிவில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

1. போன வருடம் வரை பள்ளியில் ஞானஜோதி டீச்சர் இருந்தார். எந்த அறிவிப்பானாலும் கீழே தமிழில் இரண்டு வரி எழுதிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அவர் மாற்றலாகிப் போனார். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. இப்போது வருவதெல்லாம் ஆங்கிலம் மட்டும்தான். டேர்ம், செஷன், இன்டர்வெல், டிஸ்பெர்சல், காம்பன்சேட்டரி வொர்க்கிங் டே. நான் கம்பத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள், எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவேன். வாசித்து என்ன செய்ய? எனக்குத் தெரிந்த இன்டர்வெல் சினிமாக் கொட்டகையில் முறுக்கு விற்கும் நேரம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் ஒரு கணக்கு வைத்திருந்தோம். ஹாலிடே என்று இருந்தால் லீவு, இல்லாவிட்டால் சாயங்காலம் வரை பள்ளி.

2. ஏலச் செடிக்கு அடிக்கடி மருந்தடிக்க வேண்டும். அடித்த இடத்தில் அன்று யாரும் நுழையக் கூடாது. அதனால் லயத்தை ஒட்டிய தோட்டத்தில் பள்ளி நாள் பார்த்துத்தான் அடிப்பார்கள், பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள் என்ற தைரியத்தில். காலையில் பேர் கூப்பிடும்போதே கங்காணி அழகுமலை அண்ணன், இன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று பெண்களைக் கேட்டுவிட்டுத்தான் மருந்துக்கு ஆள் அனுப்புவார்.

3. ஓணத்துக்கு முந்தின பரீட்சையின்போதும் கேட்டார். உண்டு என்றோம். முந்தின நாள் குழுவில் வந்திருந்தது 'ஃபோர்நூன் செஷன் ஒன்லி, டிஸ்பெர்சல் ஆஃப்டர் இன்டர்வெல்'. அதில் ஹாலிடே இல்லை. மதியத்துக்கு முன்பே பள்ளி விட்டுவிட்டது. இந்து பெரிய பிள்ளைகளோடு நடந்து வந்தாள். வீடு பூட்டியிருந்தது, சாவி வேறு பக்கம் காய் எடுத்துக்கொண்டிருந்த என் மடியில். என்னைத் தேடி, மருந்தின் ஈரம் காயாத தோட்டத்துக்குள் போயிருக்கிறாள். செடிகள் அவளைவிட உயரம். எந்தப் பக்கமெல்லாம் அலைந்தாளோ. வாந்தியெடுத்து விழுந்து கிடந்தவளைக் கண்டது, அங்கே மருந்தடித்து முடித்துத் திரும்பிய அவளுடைய அப்பா.

4. ஜீப் ஓட்டும் சகாயம் அண்ணன் கட்டப்பனை ஆஸ்பத்திரிக்கு விரட்டிக்கொண்டு போனார். பிழைத்துவிட்டாள். இப்போது ஓடி விளையாடுகிறாள். என் கணவர்தான் இன்னும் அதிலிருந்து மீளவில்லை. "எங்கையால அடிச்ச மருந்து. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நா பம்பைத் தொட?" என்று ஒருநாள் கேட்டார். எனக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் அலுப்புத்தான் வருகிறது ஐயா.

5. பள்ளியில் போய்க் கேட்டேன். முன்கூட்டியே குழுவில் போட்டோம், பார்ப்பது பெற்றோர் பொறுப்பு என்றார்கள். பார்த்தோம் என்றேன். அப்படியானால் என்ன குறை என்றார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். மரியாதையாக உட்காரச் சொன்னார்கள். அடுத்த முறை போனபோதும் அதே நாற்காலி, அதே பதில்.

6. ஆங்கிலத்தை எடுக்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். அதன் கீழே, 'நாளை மதியமே பள்ளி விடும், பிள்ளையைக் கூட்டிப்போக வாருங்கள்' என்று தமிழில் ஒரு வரி போதும். புது டீச்சர் வரும்வரை யாராவது பொருள் சொன்னால் நானே எழுதித் தருகிறேன்.

7. இந்த மனு அவசரமானது. கிறிஸ்துமஸ் பரீட்சை தொடங்கிவிட்டது. நேற்று மாலை குழுவில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது: 'செகண்ட் டேர்ம் ஷெட்யூல் ரிவைஸ்டு'. உள்ளே போய்க் கேட்டதற்கு, நேரம் இன்னும் மாறலாம், மாறினால் குழுவில் வரும் என்றார்கள். லயத்தை ஒட்டி இன்று மருந்தடிக்கிறார்கள். இந்து எப்போது வெளியே வருவாள் என்று எனக்குத் தெரியாது. அதனால் வேலைக்குப் போகாமல், காலையில் அவளை உள்ளே விட்டதிலிருந்து இங்கேயே இருக்கிறேன். லயத்துப் பிள்ளைகள் யார் முதலில் வெளியே வந்தாலும் பிடித்து நிறுத்தச் சொல்லி மற்றப் பெண்கள் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தாங்கள் தயவுகூர்ந்து ஒரு வரி உத்தரவிட்டால், நாளைக்காவது நான் வேலைக்குப் போவேன்.

பணிவுடன் காத்திருக்கும்,
வே. கற்பகம்

நாள்: 12.12.2024
இடம்: பள்ளி வாசற்படி