பதினேழில் மீதி ஐந்து

10-8-2003, ஞாயிறு

எவனும் நம்பமாட்டான், ஆனாலும் சத்தியம் செய்து எழுதுகிறேன். துறைமுகத்தில் இறங்கும் கண்டெய்னர்களின் எண்ணைக் குறித்துக்கொள்வது என் உத்தியோகம். போன வாரம் 720720 என்று ஒரு பெட்டி இறங்கியது. அதைக் கண்டதும் கிரேன் தலை குனிந்தது. கடல் டோல்கேட் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஒன்று முதல் இருபது வரை எதனால் வகுத்தாலும் மீதியே வராத எண் என்று அக்கா மகள் ஸ்டெல்லாவிடம் அளந்துவிட்டேன்.

வாரம் ஒரு எண் அவளுக்காக வைத்திருப்பேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து கேட்பாள். இந்த வீட்டுப் படியேறுகிற ஒரே ஆள் அவள்தான்.

இன்று வாசலிலேயே நின்றாள்.

"இன்னா மாமா, கிளாஸ்ல எய்ந்து சொன்னேன். பதினேழால வகுத்துப் பாருன்னாங்க மிஸ்ஸு. அஞ்சு மீதி நிக்குது. மொத்த கிளாசும் சிரிக்குது."

"அந்த அஞ்சு, கப்பல்ல வரச்சொல்லோ உப்புக்காத்துல ஒட்டிக்கினதும்மா."

"உன் வாயில வர்றது எல்லாமே பொய்யி. இனிமே எனுக்கு நம்பர் கிம்பர் சொல்லாத."

உட்காராமலே போய்விட்டாள். அவளுக்கு வாங்கிய பன் பொட்டலம் பிரிக்காமல் கிடக்கிறது.

பதினேழும் பத்தொன்பதும் நானாகச் சேர்த்தவை. மற்ற பதினெட்டாலும் அந்த எண் மீதியில்லாமல் வகுபடுகிறது. இப்போதும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு துண்டு உண்மை. அதை அவள் வகுத்துப் பார்க்கவே இல்லை.