அக்கா கடை அளவுகள்

மார்ச் 3
போன வருடம் அக்காவின் தையல் கடைக்கு நான் அமைத்துக் கொடுத்த அளவுச் செயலி, என் அலமாரியில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது. அப்போதே, செயலி பொதிந்து வரும் இமேஜின் பெயருக்குப் பின்னால் பதிப்பு எண் போடாமல் ‘லேட்டஸ்ட்’ என்று போட்டிருந்தேன். இன்று தானியங்கி அப்டேட்டையும் முடுக்கிவிட்டேன். இனி புதுப் பதிப்பு வந்தால் தானே இறக்கிக்கொள்ளும். ஆபீஸில் இதையே செய்த ஒருவனை எல்லார் முன்னாலும் உண்டு இல்லை என்று ஆக்கியவன் நான். வீடுதானே, யார் பார்க்கப்போகிறார்கள்.

மார்ச் 7
அக்கா போன். “டேய், யார் பேரைத் தட்டினாலும் அளவு வரமாட்டேங்குது. கல்யாணத் துணி வெட்டணும்டா.”
நெட் சரியில்லை என்றேன். வாய் கூசாமல்.

அதே நாள், மாலை
புதுப் பதிப்பு வந்ததும் செயலி ஓடும் பெட்டியான பழைய கன்டெய்னரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது ஏறியிருக்கிறது. அது அப்படித்தான் செய்யும். அளவுகள் வெளியே, தனி ஃபோல்டரில் இருந்திருக்க வேண்டும். அந்த ஃபோல்டரை நான் செயலியோடு இணைக்கவே இல்லை. எல்லாம் கன்டெய்னருக்குள்ளேயே இருந்து அதோடு போய்விட்டது. பேக்கப்? இருக்கிறதே! வாரம் தவறாமல் அந்தக் காலி ஃபோல்டரை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு தடவையாவது திறந்து பார்த்தேனா? சீ, நானெல்லாம் ஒரு ஆளு.

மார்ச் 8
சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். “எல்லாமேவா?” என்று மட்டும் கேட்டாள். இந்த மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

மார்ச் 10
பதிப்பு எண் போட்டாயிற்று. ஃபோல்டரை இணைத்தாயிற்று. நகலைத் திறந்தும் பார்த்தாயிற்று. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, உள்ளேதான் ஒன்றும் இல்லை.

மார்ச் 12
லீவு போட்டுக் கடைக்குப் போனேன். அக்கா அளவெடுக்க, நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கல்யாணப் பெண்ணின் அம்மா சலித்துக்கொண்டார். “நாள் நெருங்கிடுச்சு, மறுபடியும் முதல்லேர்ந்தா?”
“என் கைதாங்க பட்டு அழிஞ்சுபோச்சு, மன்னிச்சுக்குங்க” என்றாள் அக்கா.
எனக்குக் காது வரை சுட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஏன்டா திறக்கல?

மார்ச் 15
இன்றும் கடை. இன்னொரு வாடிக்கையாளரும் அதையே கேட்டார். அக்கா ஆரம்பிக்கும் முன்பே, “அழிச்சது நான்தாங்க, அவங்க இல்ல” என்றேன்.
அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “கம்ப்யூட்டர்ல பெரிய ஆளுன்னு அக்கா சொல்லிட்டே இருப்பாங்களே, அந்தத் தம்பியா?”
ஆமாம் என்றேன்.
அக்கா என் பக்கம் திரும்பவில்லை. டேப்பை அவர் தோளில் வைத்தாள்.
“பதினாலே கால். எழுதிட்டியா?”
“எழுதிட்டேன்கா.”
“படி.”
படித்துக் காட்டினேன்.