லயத்தில் வைத்த ஞாபகம்

ஜூன் 3, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. ஆசிரியர் போட்டிப் பரீட்சை நெருங்கிவிட்டது. படித்தது ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை.

போனில் ஒரு வீடியோ. ‘ஞாபக மாளிகை’. தெரிந்த வீட்டை மனதில் சுற்றி வந்து, அறைக்கு ஒன்றாகப் பாடத்தை வைத்துவிட வேண்டுமாம். திரும்ப நடந்தால் அது அங்கேயே இருக்குமாம். மாளிகைக்கு நான் எங்கே போக? எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம்தான். ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டுக் காம்பரா, எட்டு வீடு. மாரியாயி அத்தை அடுப்பில் குடியுரிமைச் சட்டம். செல்வி அக்காவின் மாடு சர்வசன வாக்குரிமையை மென்றுகொண்டிருக்கிறது. சிரிப்பாக வந்தது. ஆனால் நிற்கிறது!

ஜூன் 5, வியாழன்

மழை. லயத்துக்குப் பின்னால் மண் வெடிப்பு. நேற்று அதற்குள் விரல் போனது, இன்று கையே போகிறது. தோட்டத்துத் தொரையிடம் சொன்னதற்கு “பார்ப்போம்” என்றாராம். செல்வி அக்கா புருஷன் முருகன் அண்ணனுக்கு இளக்காரம். “வருசா வருசம் இப்பிடித்தான் டீச்சர். நீங்க போய் படிங்க.” எரிச்சல்.

வீடியோ, இரண்டாம் பாகம். இந்த வித்தை தொடங்கிய கதை. கிரேக்க நாட்டில் விருந்து நடந்த மண்டபத்தின் கூரை விழுந்ததாம். வெளியே போயிருந்த ஒருவர், யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று நினைத்துப் பார்த்து, நசுங்கிய உடல்களை அடையாளம் காட்டினாராம். அப்புறம் ரோமாபுரிப் பேச்சாளர்கள், பாறைக்கொரு கதை வைத்த அவுஸ்திரேலியப் பழங்குடிகள். நம்மூர் அவதானிகள் பற்றி மூச்சே இல்லை.

மனதில் லயத்தைச் சுற்றும்போதும் அந்த வெடிப்பு வருகிறது. நான் வைக்கவில்லை. பயமாக இருக்கிறது.

ஜூன் 7, சனி

மண்சரிவு எச்சரிக்கை. கிராம சேவகர் எல்லோரையும் பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஏற்றிவிட்டார். மூன்று லயத்துச் சனம், ஒரே இரைச்சல். சோறு, பருப்பு.

பாடத்தை நினைக்கலாமென்று மனதில் நடந்தேன். பாடம் வரவில்லை, ஆட்கள்தான் வந்தார்கள். முதல் வீடு மாரியாயி அத்தை, இதோ ஜன்னலோரம் இருக்கிறார். இரண்டாவது வீடு, எல்லோரும். மூன்று, நான்கு, ஐந்து, சரி. ஆறாவதில் முருகன் அண்ணன் மட்டும்.

“அக்கா எங்கண்ணே?”

“மாடு கன்னு போடுற நேரம் புள்ள. ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்னு போனா. வந்துருவா.”

“ஐயோ, என்னாண்ணே சொல்றீங்க!”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது போல. எழுந்து ஓடினார். வாசலைத் தாண்டவில்லை, மலை இரைந்தது.

ஜூன் 8, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. லயம் இல்லை. மண் அதை அப்படியே கீழே தள்ளியிருக்கிறது. எங்கே தோண்டுவதென்று ஆமிக்காரர்களுக்குத் தெரியவில்லை.

மண்ணுக்குள்ளிருந்து நீலக் கதவொன்று எட்டிப் பார்த்தது. ஐந்தாம் வீட்டுக் கதவு. அப்படியென்றால் வலப்பக்கம் ஆறாம் வீடு, அதன் பின்னால் மாட்டுக் கொட்டில். காட்டினேன். நிச்சயமா என்று சிங்களத்தில் கேட்டார்கள். நிச்சயம் என்றேன்.

முருகன் அண்ணன் மண்வெட்டிக்குக் காத்திருக்கவில்லை, கையாலேயே தோண்டினார். மாட்டுக் கயிறு கிடைத்தது. மறுமுனை மண்ணுக்குள். ஒரு ஆமிக்காரர் இழுக்கப் போனார்.

“இழுக்காதீங்க!” என்று கத்தினேன். அக்கா கயிற்றைக் கையில் சுற்றித்தான் பிடிப்பாள்.