பால் காய்ச்சியதைச் சொல்லிவிட்டோம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நாங்கள் சுகம். எல்லாம் முடியும்வரை உங்களிடம் சொல்லக் கூடாது என்றார் அம்மா. அவர் தூங்கியதும் ஒளித்து எழுதுகிறேன்.

எங்களுக்கு வீடு சரிவந்திருக்கிறது! இந்த ஒற்றை அறையில் இருந்தால் உங்களுக்கு இங்கே வர விசா கிடைக்காதே. அம்மாவின் துப்புரவு வேலைச் சம்பளத்தில் வீட்டு முற்பணம் கட்ட முடியாது. நகரசபை கடனாகத் தரும். ஆனால் கடனை அனுமதிக்கும் முன்னர் குடிபோனால் தராது. அம்மாவோ, அளவெடுக்கச் சாவி வாங்கிய அன்றே அங்கே பால் காய்ச்சிவிட்டார்.

இன்று நகரசபையில் கடன் விண்ணப்பத்தைப் பார்த்த பெண்மணி, "குடிபோய்விட்டீர்களா?" என்று கேட்டார்.

"பால் காய்ச்சினனாங்கள் எண்டு சொல்லு," என்றார் அம்மா.

"சும்மா இருங்கோ அம்மா, வீடு போயிடும்!"

"பொய் சொல்லிப் புது வீட்டுக்குள்ள போக ஏலாது பிள்ளை."

அதை அப்படியே ஜெர்மன் மொழியில் சொன்னேன். "அங்கே படுத்தீர்களா?" என்றார் அந்தப் பெண்மணி. "இல்லை, பாலைக் குடித்துவிட்டு பஸ் ஏறினோம்." சிரித்தபடி கடனுக்கு ஒப்பமிட்டார்.

எனக்குத் தனி அறையாம். தனியே படுக்கத்தான் பயம். நீங்கள் இடுப்பில் கட்டிய பழைய சாரம் ஒன்றை அனுப்புங்கள், போர்த்திக்கொள்ள. வாசல் மணிக்குப் பக்கத்துப் பெயர்ப்பலகையில் உங்கள் பெயரையும் போடச் சொல்லிவிட்டேன்.

அம்மா புரளுகிறார்.

உங்கள் மகள்
ஜெசிக்கா