மஞ்சள் நாடா கட்டிய கம்பிகள்

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நாயும் நலம். உன் சித்தப்பா நலமாக இல்லை, அதற்குக் காரணம் நான். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா போனில் அழுதுகொண்டே பாதி சொல்லியிருப்பாள், மீதியை நீயே கற்பனை செய்திருப்பாய். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரை படி, நடுவில் எழுந்து எனக்குப் போன் போடாதே.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற வயல்களைச் சின்னச் சின்ன வீட்டு மனைகளாகப் பிரிக்க விடலாமா வேண்டாமா என்று நகரசபை இரண்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை அதற்குப் பொதுக் கூட்டம். அன்று விடிந்ததும் வெங்காயம் எடுத்த வயலை உழலாம் என்று போனேன். போனால் வயலின் குறுக்கே இருபது அடிக்கு ஒன்றாக இரும்புக் கம்பி நட்டு, உச்சியில் மஞ்சள் நாடா கட்டியிருக்கிறது. மனை அளக்கிறவர்கள் பக்கத்து வயலில் கட்டியிருந்த அதே நாடா. உங்க தம்பிதான் நேத்து சாயங்காலம் நட்டுட்டுப் போனாரு என்று பக்கத்து வயல்காரர் சொன்னார். எனக்குத் தெரியாமல் கூறு போட ஆரம்பித்துவிட்டானா என்று ரத்தம் தலைக்கு ஏறியது. முப்பத்தொரு கம்பி, அத்தனையையும் பிடுங்கினேன், உள்ளங்கை கிழிந்தது. முப்பதை வாய்க்காலில் எறிந்துவிட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே கூட்டத்துக்குப் போனேன்.

அங்கே அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் பேசிக்கொண்டிருந்தார். மூணு பிள்ளைங்களோட ஒரே ரூம்ல கிடக்கேன், உங்க வெங்காயம் காலை நீட்டிப் படுக்குது, எனக்கு மட்டும் இடமில்லையா என்று கேட்டார். நியாயமான கேள்விதான், வேறு ஒரு நாளாக இருந்தால் பதில் சொல்ல யோசித்திருப்பேன். அவருக்கு அடுத்துப் பேச உன் சித்தப்பா காகிதத்தோடு எழுந்தான். என்னைப் பார்த்து, வந்துட்டியாண்ணே என்று கேட்டானாம். எனக்கு எதுவும் காதில் விழவில்லை, அவன் சிரித்தது மட்டும் தெரிந்தது. கம்பியை ஓங்கி அவன் தாடையில் அடித்தேன். காய்ந்த சோளத்தட்டை ஒடிகிற மாதிரிச் சத்தம் கேட்டது. நாற்காலியோடு சரிந்தான், இரண்டு பல் தரையில் உருண்டது. அதோடு விட்டேனா, தோளில் இன்னொன்று போட்டேன். மூன்றாவதை ஓங்கும்போது அந்த நர்ஸ் குறுக்கே பாய்ந்தார், அவருடைய மணிக்கட்டிலும் பட்டது. மூன்று பேர் என்னைக் கீழே தள்ளி முதுகில் ஏறி உட்கார்ந்தார்கள், அதில் ஒருவருடைய கையை நான் கடித்தேன். நர்ஸ் அடிபட்ட கையை வைத்துக்கொண்டே தன் கழுத்துத் துண்டை அவிழ்த்துச் சித்தப்பாவின் தாடையைத் தாங்கிக் கட்டினார். நான் அடியில் கிடந்தபடி, கூறு போடுடா, இப்பப் போடுடா என்று கத்திக்கொண்டே இருந்தேனாம்.

போலீஸ் வந்து கொண்டுபோனார்கள். சித்தப்பா பேச முடியாமல், புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்தான், நர்ஸும் புகார் கொடுக்கவில்லை. மறுநாளே வெளியே விட்டுவிட்டார்கள். வீம்புக்கு அன்றே டிராக்டரை எடுத்து வயலில் இறக்கினேன். பத்தடிகூடப் போகவில்லை, கலப்பை எதிலோ மாட்டி இழுத்தது, மண்ணைப் பிளந்துகொண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பீறிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உழவுக்கு முன்னால் பாசனக் குழாய் போகிற வழியெல்லாம் கம்பி நட்டு, சிவப்புத் துணி கட்டி வைப்பது இத்தனை வருஷமாக அவன் வேலைதானே, நீயே சின்ன வயதில் அவனோடு போய்க் கட்டியிருக்கிறாய். என் சிவப்புச் சேலையையெல்லாம் கிழிக்கிறாரு என்று உன் அம்மா சண்டை போட்டதால், கடையில் ஏதாவது வாங்கிக் கட்டித் தொலையேன் என்று போன மாதம் அவனிடம் எரிந்து விழுந்தவனே நான்தான். அவன் வாங்கிக் கட்டியிருக்கிறான். சேற்றில் நின்று, வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி என்னையே திட்டிக்கொண்டேன்.

நனைந்துபோய் வீட்டுக்கு வந்தால், அம்மா சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தை வைத்தாள். ஆஸ்பத்திரியில் அவன் சட்டையிலிருந்து எடுத்தது, ரத்தம் காய்ந்து ஒட்டிக் கிடந்தது. கூட்டத்தில் பேசுவதற்காக எழுதி வைத்திருக்கிறான். எங்கள் வயலில் ஒரு அடிகூட மனைக்குத் தரமாட்டோம், இது என் அண்ணன் சார்பிலும் சொல்கிறேன் என்று முதல் வரி. நான் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டம் மறுபடி கூடி, விருப்பப்பட்டவர்கள் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒரே ஒரு ஓட்டில் முடிவானது. எதிர்த்துப் பேச வேண்டியவன் தாடையில் கம்பி போட்டுக் கட்டிப் படுத்திருந்தான், ரவுடிகளின் வயலுக்கு எதற்கு இரக்கம் என்று ஒருவர் கேட்டாராம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் காலைப் பிடித்தேன். காலை இழுத்துக்கொள்ளவில்லை. சிலேட்டில் எழுதிக் காட்டினான். மனையாவே பிரிச்சிடலாம்ணே, நடுவுல ரோடு வரும், நமக்கு நடுவுல ஒரு ரோடு இருக்கறது நல்லது என்று. எத்தனையோ தடவை கெஞ்சினேன், அதே வரியைத்தான் விரலால் தட்டிக் காட்டினான்.

நிலம் நம் மூன்று பேர் பெயரில் இருக்கிறது. அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான், நானும் போட்டுவிட்டேன். பத்திரத்தை இதோடு வைத்திருக்கிறேன், நீயும் போட்டு அனுப்பு. உனக்குப் பிடிக்காது என்று தெரியும், எனக்காகப் போட வேண்டாம், அவனுக்காகப் போடு. அவனுக்கும் ஒரு கடிதம் எழுது, என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் எழுதாதே. முதல் மனையை அந்த நர்ஸுக்குக் கேட்டிருக்கிறான், அதற்கும் சரி என்றேன்.

என் கோபம் அப்படியே உனக்கும் வந்திருக்கிறது, நீ மாப்பிள்ளையிடம் தட்டை வீசியதை அம்மா சொன்னாள். கோபம் வந்தால் கையில் எதையும் வைத்துக்கொள்ளாதே அம்மா, கரண்டியைக்கூட. குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல், சண்டையில்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும். கையெழுத்து மூன்றாம் பக்கத்தில், பென்சிலால் புள்ளி வைத்திருக்கிற இடத்தில், மறந்துவிடாதே.

நேற்று அளக்கிறவர்கள் வந்தார்கள். குழாய் எங்கே போகிறது என்று அவர்களுக்கு முன்னால் நடந்து நடந்து சித்தப்பாதான் கையால் காட்டினான். வாய்க்காலில் இறங்கித் தேடி எடுத்த முப்பது கம்பியையும் நான் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். ஒவ்வொன்றாக வாங்கி நட்டுக்கொண்டே போனான், ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா