பிரித்த மஞ்சள் நூல்

ஞாயிறு, இரவு.

மாமல்லபுரத்தில் ஒரு காபி கடையில் நூலால் பின்னிய விளக்குக் கூடுகளைப் பார்த்ததிலிருந்து, எனக்கும் ஒன்று வேண்டுமென்று தம்பி மனைவி செல்வியை நச்சரித்துக்கொண்டிருந்தேன். இன்று அணுபுரத்திலிருந்து அவளே பின்னி எடுத்து வந்தாள். வெளிர் மஞ்சள். எங்கள் சாம்பல் நிற சோபாவுக்கு எடுப்பாக இல்லை.

"வெள்ளையில போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்ல?" என்றேன்.

"அதுக்கென்னா அண்ணி, பிரிச்சிட்டு வேற போட்டுத் தரேன்."

அங்கேயே உட்கார்ந்து உருவ ஆரம்பித்துவிட்டாள். சும்மா இருக்காமல் நானே அந்த நூலை உருண்டையாகச் சுற்றி அவள் கையில் கொடுத்தேன்.

அவள் வீடு திரும்பி, நாங்கள் இரவு சாப்பிட்ட பிறகு தம்பி போன் செய்தான்.

"இன்னாக்கா சொன்ன அவகிட்ட? வந்ததுலேர்ந்து படுத்துகினு கீறா. அது கொழந்தைக்கு சொட்டர் போட வாங்கி வெச்ச நூலு. அஞ்சாம் மாசம் கலைஞ்சப்புறம் அவ ஊசியே தொடல. நீ ஆசையா கேட்டன்னுதான் எடுத்தா. நான் சொன்னேன்னு காட்டிக்காத."

மன்னிப்புகூடக் கேட்க முடியாது.

இப்போது அவளிடமிருந்து வாட்ஸ்அப் வந்திருக்கிறது. "அண்ணி, வெள்ளை நூல் ஆர்டர் போட்டுட்டேன்."

மஞ்சளே இருக்கட்டும் என்று எழுதினேன். அழித்தேன். திரும்பவும் எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வேன்?